மூவா ஆடுகளும் கடல் கடந்த கொடையும்

மலர்க் குழு அன்பர்கள் இம்முறையும் என்னிடம் கல்வெட்டுக் கட்டுரைதான் கேட்டார்கள். கல்வெட்டும் இதில் வரும். ஆனால் அதைவிட அவசரமான ஒரு விஷயம் சில ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற நம் குடும்பங்களுக்கும், தலைநகரில் சிறு சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் நடத்தும் செயலாளர், பொருளாளர்களுக்கும் பயன்படக்கூடியது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பட்டம் பெற்றவன் அல்லன். ஆரணிப் பட்டைக் கரோல் பாகில் விற்றுப் பிழைத்தவன். பேரேடு எழுதத் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் கல்வெட்டும் படிக்கத் தொடங்கினேன். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை நடைபாதையில் இருந்த காலத்தில் (2019-க்குப் பிறகு அது மகிளா ஹாட்டுக்குள் போய்விட்டது) தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி ஒன்று பேரம் பேசி வாங்கினேன். 1890-இல் ஹுல்ட்ஸ் பதிப்பித்தது. முதல் தடவை புரட்டியபோதே தோன்றியது, "அட, இது நம்ம கடைக் கணக்கு மாதிரியே இருக்கே" என்று.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த அமைப்பு என்று பெயர் சொல்லப்போவதில்லை. அதில் நானே பொருளாளராக இருந்தேன் என்பது போதும். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறிய அறக்கட்டளை அது. வெளிநாட்டு நிதி பெறுவதற்கான மத்திய அரசுப் பதிவும் எங்களுக்கு இருந்தது. 2016-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு நிறுவனம் எங்கள் பதிவுச் சான்று, மூன்று ஆண்டு வரவு செலவு, நோக்க விவரம் எல்லாம் கேட்டு எழுதியது. செயலாளரும் ஆடிட்டரும் சேர்ந்து படிவங்களை நிரப்பி அனுப்பினார்கள். சில மாதங்களில் மூன்று லட்சத்துச் சொச்சம் ரூபாய் வந்தது. ஏதோ பெரிய கம்பெனி நம்மைக் கண்டெடுத்து உதவுகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் "அன்புள்ள ஐயா" என்று தொடங்கி ஒரு நன்றிக் கடிதம் அந்த நிறுவனத்துக்குப் போனது. அந்தப் பணத்தை நம்பி ஓர் ஆசிரியையை மாதச் சம்பளத்தில் அமர்த்தினோம். பிள்ளைகள் பன்னிரண்டு பேரிலிருந்து முப்பதுக்கு மேல் ஆனார்கள்.

அடுத்த ஆண்டு ஒன்றும் வரவில்லை. ஆசிரியைக்கு மூன்று மாதம் நான் கடையிலிருந்து கொடுத்தேன். நான்காம் மாதம் அந்தப் பெண்ணே சங்கடப்பட்டுக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். வகுப்பு நின்றது. பதினொரு மாதம்.

2017 கடைசியில், எங்கள் தெருவில் வளர்ந்த ஒரு பையன் (பையன் என்ன, ஐம்பது வயதிருக்கும், நியூ ஜெர்சியில் இருக்கிறான்) தாயாரின் திதிக்காக வந்தவன் கடைக்கு வந்தான். டீ வந்தது. பேசிக்கொண்டே இருந்தவன், "மாமா, போன வருஷம் அம்மா பேர்ல அனுப்பின பணம் வந்து சேர்ந்துதா? யாரும் ஒரு வார்த்தை எழுதலையே. சேரலைன்னு நெனைச்சேன். இந்த வருஷம் வேற இடத்துக்கு அனுப்பிட்டேன்" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு குடும்ப நிதியின் பெயர் இருந்தது. அந்த அம்மாளின் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. தெரு முழுவதும் அவரை "ஆரணி அம்மா" என்றே கூப்பிட்டது. எங்கள் முதல் வகுப்பே அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் நடந்தது.

அந்தப் பணம் வந்த வழிக்கு அமெரிக்காவில் 'டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்' என்று பெயர். கொடையாளர் ஆலோசனை நிதி என்று சொல்லலாம். இனி ஆலோசனை நிதி என்றே சுருக்கிச் சொல்கிறேன். இதன் இயக்கம் இப்படி. ஒருவர் தம் பணத்தையோ பங்குப் பத்திரங்களையோ அங்கீகாரம் பெற்ற ஓர் அறநிறுவனத்தில் தம் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ ஒரு கணக்காகப் போட்டுவிடுகிறார். போட்ட அன்றே வரிச்சலுகை அவருக்குக் கிடைத்துவிடும். அன்றே அந்தப் பணம் சட்டப்படி அவருடையதாக இல்லாமலும் போய்விடும். நிறுவனத்துக்கே சொந்தம், திரும்பக் கேட்க முடியாது. பிறகு மெதுவாக, இந்த ஆண்டு இன்ன பள்ளிக்கு இவ்வளவு, அடுத்த ஆண்டு இன்ன மருத்துவமனைக்கு இவ்வளவு என்று அவர் யோசனை சொல்லலாம். சொல்வது யோசனைதான், கட்டளை அன்று. நிறுவனம் பெரும்பாலும் கேட்கும். ஆனால் கடைசிக் கையெழுத்து நிறுவனத்துடையது. கணக்கில் மீதி இருக்கும் பணம் முதலீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். ஆண்டுக்கு இவ்வளவு கொடுத்தே தீரவேண்டும் என்று ஒவ்வொரு கணக்குக்கும் அமெரிக்கச் சட்டம் எதுவும் வற்புறுத்தவில்லை.

இந்த முறை 1931-இல் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டில் தொடங்கியது. 1991-இல் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனம் இதற்கென ஓர் அறநிறுவனம் வைத்தபிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் பரவியது. 2006-இல்தான் அங்கே சட்டத்தில் இதற்கு வரையறை எழுதினார்கள். இன்று இப்படிப்பட்ட கணக்குகளில் இருபதாயிரம் கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. அந்தக் கணக்குக்காரர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனியில் பங்கு கிடைத்து, அது விலை ஏறி, விற்றால் வரி என்கிற நிலையில், பங்காகவே இதில் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் சட்டத்தில் இப்படி ஒரு தனிப் பிரிவு இல்லை. இங்கே அறநிறுவனம் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும், ஒதுக்கி வைத்தால் காரணம் காட்டவேண்டும் என்று விதி இருப்பதால், பணம் வெகுகாலம் தூங்குவது கடினம். மூலநிதி வேறு கணக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக இதில் ஆட்கள் மூவர். நினைத்தவர் ஒருவர், பணத்தை வைத்திருந்து அனுப்புபவர் ஒருவர், பெற்றுச் செலவழிப்பவர் ஒருவர். நாங்கள் இரண்டாமவரை மட்டும் பார்த்து, முதலாமவரை மறந்தோம். மூன்று பேர் கணக்கு நமக்குப் புதிது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே நம்மவர்கள் இதை ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே திருமலை. அங்கே சிறு குன்றும், அடிவாரத்தில் கோயில்களும், ஓவியக் குகையும் உண்டு. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் ஒரு சினாலயம். 'ஸ்ரீகுந்தவை ஜினாலயம்' என்றே கல்வெட்டு சொல்கிறது. எங்கள் குடும்பம் ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போகும்போது தவறாமல் போகிற இடம். கோபுரத்துக்கும் ஓவியக் குகைக்கும் நடுவே படிகளுக்கு அடியில் மறைந்திருந்த பாறையில் இராசேந்திர சோழனின் நீண்ட மெய்க்கீர்த்தி இருக்கிறது. ஈழம், கேரளம், கலிங்கம், வங்கம் என்று கங்கை வரை அவன் படை சென்றதைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு இதுதான். வரலாற்றுப் பேராசிரியர்கள் எல்லாரும் அதோடு நின்றுவிடுவார்கள். எனக்கு அதன் கடைசி வரிகள்தான் முக்கியம். பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருந்த வியாபாரி நன்னப்பையன் என்பவரின் மனைவி சாமுண்டப்பை, ஒரு நந்தா விளக்குக்கு இருபது காசும், திருவமுதுக்குப் பத்துக் காசும் கொடுத்தாள். பேரரசன் வெற்றிகள் எல்லாம் தேதி குறிக்கிற முகவுரை. அந்தக் கல் வெட்டப்பட்ட காரணம் ஒரு கடைக்காரர் வீட்டுப் பெண்ணின் முப்பது காசு!

அந்தச் சில வரிகளில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். கொடுத்தவள் பெயர், கணவன் பெயர், தொழில், ஊர், பெற்ற கோயில், தொகை, எதற்கு எவ்வளவு. விளக்குக்குத் தனியாக, அமுதுக்குத் தனியாக. எங்கள் கோப்பில் நான்காம் பக்கத்தில் ஒளிந்திருந்த பெயரை நினைத்துக்கொண்டேன்.

அணையா விளக்கு எரிய வேண்டுமானால் முதல் செலவாகக் கூடாது. எனவே காசாகக் கொடுத்தால் அதை ஊர்ச் சபையிடமோ வணிகரிடமோ வட்டிக்கு விடுவார்கள். வட்டிக்குக் கல்வெட்டுச் சொல் பொலிசை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த விகிதத்தைச் சாமுண்டப்பையின் இருபது காசுக்குப் போட்டால் ஆண்டுக்கு இரண்டரைக் காசு வரும். இது நான் போட்டுப் பார்க்கிற கணக்கு, திருமலைக் கல்வெட்டில் வட்டி சொல்லப்படவில்லை.

காசுக்குப் பதில் ஆடு கொடுத்தால் இன்னும் அழகு. தஞ்சையில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. பசுவானால் நாற்பத்தெட்டு, எருமையானால் பதினாறு. கொடையாளர் ஆட்டைக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டமாட்டார். ஆடு இடையரிடம் போகும். அவர் அதை மேய்த்துப் பெருக்கிக்கொள்ளலாம், தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்தாக வேண்டும். இந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் கணக்கில் ஒன்று செத்தால் குட்டி ஒன்று அந்த இடத்துக்கு வந்துவிடும்; எண்ணிக்கை என்றைக்கும் தொண்ணூற்றாறு. மூலநிதி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த ஆடிட்டரும் எனக்குச் சொன்னதில்லை. பேராடு பேரேட்டில் இருந்தால் சாகாது என்று என் மகனிடம் சொல்வேன், அவன் சிரிக்கமாட்டான்.

கொடுத்தவர், இடையர், கோயில் என்று இங்கும் மூவர். ஆனால் இன்றைய ஆலோசனை நிதியோடு ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய ஏற்பாட்டில் கொடையாளரின் சொல் கல்லில் ஏறியபின் இடையராலும் கோயிலாராலும் மாற்ற முடியாது. ஆலோசனை நிதியிலோ ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசனை சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் நெய் வராது. கல்வெட்டு இல்லாத குறையை இந்த இடத்தில் நம் கடிதம்தான் நிரப்பவேண்டும். பின்னால் வந்த கட்டளை முறையும் (திருவாரூரில் அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று தனித்தனியே உண்டல்லவா) கல்வெட்டு மரபின் தொடர்ச்சியே. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம்கூட குறிப்பிட்ட நோக்கத்துக்கான கொடை என்று அதைத் தனியாக வரையறுக்கிறது.

இனி நாங்கள் பட்டபின் செய்துகொண்ட ஏற்பாடு. எங்கள் வரவுப் பதிவேட்டில் முன்பு 'பெறப்பட்டது யாரிடமிருந்து' என்று ஒரே பத்தி இருந்தது. அதை இரண்டாக்கினேன். பணம் அனுப்பியவர் ஒரு பத்தி, நினைத்தவர் ஒரு பத்தி. அனுப்பியவர் பத்தியில் அமெரிக்க நிறுவனம்; நினைத்தவர் பத்தியில் குடும்ப நிதியின் பெயர், அது யார் வீடு, இங்கே யாருக்குத் தெரியும், தெருவில் அழைக்கிற பெயர் என்ன என்பது வரை எழுதுகிறோம். பணம் வங்கியில் ஏறிய ஒரு வாரத்துக்குள் இரண்டு கடிதம். நிறுவனத்துக்குப் போகிற கடிதத்தில் தொகை, தேதி, நோக்கம், செலவுக் கணக்கு எப்போது வரும் என்பது. குடும்பத்துக்குப் போகிறது தமிழில், கையெழுத்தில்.

குடும்பத்துக்கு எழுதும்போது ஓர் எச்சரிக்கை. நன்றி சொல்லலாம், வரிவிலக்கு ரசீது கொடுக்கக்கூடாது. பணம் நிதியில் போட்ட அன்றே அவர் வரிச்சலுகை வாங்கியாயிற்று. நாமும் ஒரு ரசீது கொடுத்தால் ஒரே கொடைக்கு இரண்டு ரசீதாகிவிடும், நாளைக்கு அவருக்குத்தான் தொல்லை. அதேபோல இந்தப் பணத்துக்குப் பதிலாக எதுவும் திருப்பித் தரக்கூடாது. ஆண்டு விழாவில் விருந்துச் சீட்டு, கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் இவற்றுக்கான விலையை அந்த நிதியிலிருந்து கொடுக்க முடியாது. தங்கை மகனின் காலேஜ் ஃபீஸை நேராக அவன் பெயருக்கு அனுப்பச் சொல்வதும் முடியாது, தனி ஆளுக்குப் போகாது. நம்மவர்கள் அன்பினால் இதையெல்லாம் கேட்பார்கள். "ஒரு பொன்னாடையாவது போர்த்தக்கூடாதா சார்?" என்று எங்கள் செயலாளர் ஆடிட்டரிடம் கேட்டார். பொன்னாடையால் ஒன்றும் கெடாது என்று ஆடிட்டர் அனுமதி கொடுத்தார்! பட்டுக் கடைக்காரன் நான் இருக்கும்போது அதற்கு என்ன குறை.

சிலர் பெயர் வெளியிட வேண்டாம் என்று அந்தப் படிவத்திலேயே குறித்துவிடுவார்கள். அப்போது நினைத்தவர் பத்தி காலியாக இருக்கும், துப்பறியக் கூடாது. வடநாட்டுச் சமணக் கோயில்களில் உண்டியல் மேல் 'குப்த தான்' என்று எழுதியிருப்பதைச் சாந்தினி சௌக் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மறைவாகக் கொடுப்பது. அதற்கும் நன்றி சொல்ல வழி இருக்கிறது: நிறுவனத்துக்கு எழுதி, கொடையாளருக்குச் சேர்ப்பிக்கும்படி ஒரு கடிதத்தை உடன் வைத்தால் போதும், பலர் சேர்ப்பிக்கிறார்கள்.

சம்பள விஷயத்தில் நான் கற்றது கசப்பான பாடம். ஒரு முறை வந்த பணம் மறுமுறை வரும் என்று எண்ணி ஆளை அமர்த்தக்கூடாது. ஆலோசனை நிதியில் வாக்குறுதி என்று ஒன்று உறுதியாகக் கிடையாது. அடுத்த ஆண்டு அவர் வேறு யோசனை சொல்லலாம். எனவே இப்போது அப்படி வருகிற பணத்தில் பாதியைத்தான் அந்த ஆண்டு தொடுகிறோம். ஆசிரியை சம்பளத்துக்கு ஓர் ஆண்டுத் தொகை எப்போதும் கையில் நிற்கவேண்டும் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். அப்படி நிறுத்தி வைக்கும் பணத்துக்கு ஆண்டு முடிவில் ஆடிட்டர் முறைப்படி காரணம் எழுதிக் கணக்கில் காட்டுகிறார். 2018-இல் வகுப்பு மறுபடி தொடங்கியது. பழைய பிள்ளைகளில் பத்துப் பேர்கூட திரும்பவில்லை. அந்த வயதில் பதினொரு மாதம் விட்டால் 'ழ' மறந்துவிடுகிறது.

மூலநிதியாகவே கொடுக்க விரும்பினால் அதை எழுத்தில் வாங்கவேண்டும். "அம்மா பேர்ல ஒரு பரிசு வெச்சுடுங்க" என்று வாயால் சொன்னது செல்லாது. கொடையாளரின் குறிப்பான எழுத்து இருந்தால்தான் வருமான வரிக் கணக்கில் மூலநிதி என்று காட்ட முடியும். 2021-22 நிதியாண்டிலிருந்து அந்தத் தொகையைச் சட்டம் சொல்லும் முதலீட்டு வகைகளில், மூலநிதி என்றே தனியாக, வைக்கவேண்டும் என்றும் ஆகிவிட்டது. கட்டட நிதியில் கலந்து சுவர் எழுப்பிவிட்டு, வட்டி எங்கே என்று பிறகு தேடுகிற நம் பழைய பழக்கம் இனி சட்டப்படியும் நடக்காது. (உள்நாட்டில் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: 80ஜி என்று நாம் பழகியது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண். 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததால் எண்கள் மாறிவிட்டன. ரசீதுப் புத்தகம் அச்சடிக்குமுன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

எல்லாவற்றிலும் கடினமானது வெளிநாட்டு நிதிச் சட்டம். முதல் சட்டம் 1976-இல் வந்தது. இப்போது இருப்பது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை உள்நாட்டு வசூலோடு ஒரே கணக்கில் போடக்கூடாது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்தில் மூன்று பெரிய மாற்றங்கள். எல்லா வெளிநாட்டு நிதியும் புதுதில்லி, 11 சன்சத் மார்க், ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வந்திறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைந்தது. வந்த பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது அறவே தடை. கன்னியாகுமரியில் இருக்கிற பள்ளிக்கும் சன்சத் மார்க்கில்தான் கணக்கு என்பது தில்லிக்காரர்களுக்கு மட்டும் சௌகரியம். 2021-இல் ஊர்ப்பக்கத்து அமைப்புகள் சிலவற்றுக்குப் படிவம் எப்படி நிரப்புவது என்று ஃபோனிலேயே நான் சொல்லிக்கொடுத்தேன், வங்கிக்கும் நாலு நடை நடந்தேன்.

நம் குடும்பங்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதி ஆகாது. பதிவில்லாத சங்கமும் வாங்கலாம். அவன் அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டால், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவன் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அது பலருக்குத் தெரியும். தெரியாதது இது: இந்தியக் குடிமகனாகவே இருக்கிற மகன் அமெரிக்க ஆலோசனை நிதி வழியாக அனுப்பினால், அனுப்புகிறவன் மகன் அல்லன், அமெரிக்க நிறுவனம். ஆகவே அது வெளிநாட்டு நிதி. முன்பு சொன்ன இரண்டு பத்தி இங்கே சட்டமாகவே வந்து நிற்கிறது. பதிவில்லாத ஒரு கோயில் கமிட்டியோ சங்கமோ "நம்ம புள்ளை பணம்தானே" என்று சாதாரணக் கணக்கில் வாங்கிப் போட்டால் குற்றமாகும். அதனால் கொடையைப் பற்றிப் பேச்சு எழும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: எந்தப் பாஸ்போர்ட், எந்த வழி. சங்கடமான கேள்விதான். பெண் பார்க்கப் போகும்போது சம்பளம் கேட்கிறோம், இதைக் கேட்கக் கூடாதா?

இன்னொன்று. ஆலோசனை நிதிக் கணக்கில், தமக்குப் பிறகு யார் யோசனை சொல்லவேண்டும் என்று வாரிசை எழுதிவைக்கிறார்கள். நியூ ஜெர்சிப் பையன் தன் மகளை எழுதியிருக்கிறான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. ஆரணி அம்மாவை நாலு வயதில் பார்த்தது. இன்னும் முப்பது ஆண்டில் கரோல் பாகில் ஒரு தமிழ் வகுப்பு நடக்கவேண்டுமா என்பதை அவள் ஒரு கம்ப்யூட்டர் திரையில் முடிவு செய்வாள். ஆகவே 2019 முதல் எங்கள் தமிழ்க் கடிதத்தோடு அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிப் பக்கம் வைக்கிறோம். கணக்கு இல்லை. வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் முறைவைத்து எழுதுகிறார்: எந்த மொட்டை மாடி, எத்தனை பேர், மழை வந்தால் எங்கே உட்காருகிறோம், இந்த மாதம் எந்த எழுத்து. ஒரு முறை அவளிடமிருந்து பதில் வந்தது. பாட்டியின் கையெழுத்து உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். பழைய வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினோம்.

2022-இல் அவள் அப்பா ஃபோன் செய்தான். வந்தவாசிப் பக்கத்தில் அம்மா படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றவேண்டும். ஆலோசனை நிதியிலிருந்து உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள் அங்கே கொடுத்துவிடுங்கள் மாமா என்றான். 2016-ஆக இருந்தால் வழி பார்த்திருப்போம். அப்போதும் இரு பக்கமும் பதிவு இருந்தாக வேண்டும். 2020-க்குப் பிறகு வழியே இல்லை. முடியாது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்கோ வெளிநாட்டு நிதிப் பதிவு கிடையாது. அவனிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருப்பதால் நிதியைத் தொடாமல், தன் வங்கிச் சேமிப்பிலிருந்து நேராகப் பள்ளியின் கணக்குக்கு அனுப்பும்படி சொன்னேன். வரிச்சலுகை அங்கே கிடைக்காதே என்றேன். "பரவாயில்லை மாமா, கூரைக்கு வரிச்சலுகை எதுக்கு" என்றான். எதற்காக என்று குறிப்பிட்டு ஒரு கடிதமும் பள்ளிக்கு எழுதச் சொன்னேன். அந்தக் கடிதத்தின் நகலை எங்கள் பதிவேட்டிலும் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் அனுப்பியவர் பத்தியிலும் நினைத்தவர் பத்தியிலும் ஒரே பெயர்.